வாத்து சத்தம் போடாத இருபது விநாடி

ஜூலை 2, புதன்

ஐம்பத்துநான்கு வயதில் ஒருவன் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தால் இரண்டில் ஒன்று. தலைவராகப் போகிறான், அல்லது ஆபரேஷனுக்குப் போகிறான். எனக்குத் தலைவராகும் யோகம் கிடையாது.

ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து ஜூன் வரை வெள்ளையாகக் கிடக்கிறது. அந்த ஆறு மாதமும் என் வாழ்க்கையில் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பெயர் கலியபெருமாள். பகலில் திருச்சியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. மாலையில் பணி ஓய்வு விழா, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் எங்கே மைக் கட்டினாலும் நகைச்சுவைப் பேச்சாளர். மூன்று வாரம் முன்பு கருவூல அலுவலர் ஒருவரின் பணி ஓய்வு விழாவில் பேசிக்கொண்டிருந்தபோது வார்த்தைகள் குழறின. "கருவூலம்" என்று சொல்லப்போய் வாயிலிருந்து வேறு என்னவோ வந்தது. வலது கையிலிருந்த மைக் தானாக நழுவியது. சபை எழுந்து நின்று கைதட்டியது. அன்றைக்கு எனக்குக் கிடைத்ததுபோல் ஒரு கைதட்டல் அதற்கு முன் கிடைத்ததில்லை. மூன்றாவது வரிசையில் வசுமதி மட்டும் கைதட்டாமல் மேடையை நோக்கி ஓடி வந்தாள். முப்பது வருடமாக என் மனைவி. எது நடிப்பு, எது நிஜம் என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனாலும் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் இடது கழுத்து ரத்தக்குழாயில் நூற்றுக்கு எண்பது பங்கு அடைப்பு. அன்று வந்தது எச்சரிக்கையாம். அடுத்தது எச்சரிக்கையாக வராதாம்.

ஜூலை 5, சனி

சர்ஜன் டாக்டர் திருநாவுக்கரசு படம் போட்டு விளக்கினார். கழுத்தைக் கீறி, குழாயைத் திறந்து, உள்ளே படிந்திருக்கும் கசடைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தைப்பார்கள். முக்கால் மணி நேர வேலை. அந்த நேரத்தில் குழாய்க்கு மேலேயும் கீழேயும் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடுவார்கள். இடது பக்க மூளை அதுவரை வலது பக்கத்துக் குழாயை நம்பிப் பிழைக்க வேண்டும். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தால் எதிர்வீட்டில் குடம் நீட்டுவோமே, அதே கதை. எதிர்வீட்டுக்காரர் தாராளமாக விட்டால் பிழைத்தோம். விடாவிட்டால் கிளிப்பைத் தாண்டி ஒரு சின்ன டியூபைச் செருகி ரத்தம் அனுப்புவார்கள்.

எல்லோருக்கும் அந்த டியூபைப் போட்டுவிட்டால் தகராறே இல்லையே என்று கேட்டேன். டியூபைச் செருகும்போது கசடில் ஒரு துகள் பெயர்ந்து மேலே போனாலும் மூளைக்குக் கெடுதல்தானாம். தேவைப்பட்டால் மட்டுமே போடுவார்களாம்.

தேவை என்று எப்படித் தெரியும்? இதற்குப் பதில் சொன்னது மயக்க மருந்து டாக்டர் ஜெசிந்தா. முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று வயதிருக்கும். என்னை மயக்கப் போவதில்லையாம். கழுத்தை மட்டும் மரக்க வைத்துவிட்டு விழித்திருக்கவே வைப்பார்களாம். வலது கையில் அமுக்கினால் கீச்சென்று கத்தும் ரப்பர் வாத்து ஒன்று கொடுப்பார்கள். நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், சொல்லும்போதெல்லாம் வாத்தை அமுக்க வேண்டும். பேச்சும் கீச்சும் நின்றால் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். "எந்த மிஷினும் உங்களை மாதிரி கரெக்டா சொல்லாது சார். நீங்க பேசிக்கிட்டே இருந்தா போதும்" என்றார்.

மூன்று வாரத்தில் முதன்முறையாக வசுமதி சிரித்தாள். "அதை நிறுத்த ஏதாவது மருந்து கேக்கலாம்னு இருந்தேன் டாக்டர்."

ஜூலை 7, திங்கள்

அட்மிட் ஆகிவிட்டேன். வார்டு சிஸ்டரிடம் கால் மணி நேரம் பேசியதில் கிடைத்த தகவல்: சர்ஜனுக்கு இந்த விழித்திருக்கும் முறையில் அவ்வளவு இஷ்டமில்லை. தூங்க வைத்துச் செய்வதுதான் அவர் வழக்கம். ஜெசிந்தா டாக்டர்தான் ஆறு மாதம் மன்றாடிச் சம்மதிக்க வைத்தாராம். நான் ஒன்பதாவது ஆள். எட்டுப் பேரும் சௌக்கியம்.

பக்கத்துக் கட்டிலில் மணப்பாறை மாட்டுத் தரகர் பிச்சைக்கண்ணு. என் வயதுதான். அவருக்கும் இடது கழுத்தில் அதே அடைப்பு. ஆனால் நாற்பது வருடப் பீடியில் நுரையீரல் புகைக்கூண்டாகிவிட்டது. முழு மயக்கம் கொடுத்தால் திரும்ப மூச்சு விடுவது நிச்சயமில்லை என்பதால் அவரையும் விழித்திருக்க வைத்துத்தான் செய்யப் போகிறார்கள். பத்து நாள் ஆவி பிடிக்க வைத்து, பதினேழாம் தேதி ஆபரேஷன். மனைவி கருப்பாயி கூட இருக்கிறார். இரண்டாவது மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்பது வரை தெரிந்துகொண்டுவிட்டேன். இங்கே எழுத இடமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

முடிந்தது. உயிரோடிருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பது படுத்துக்கொண்டு எழுதுவதால்.

ஜூலை 10, வியாழன்

இன்றுதான் உட்கார விட்டார்கள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முகத்துக்கு மேல் பச்சைத் துணியால் கூடாரம். அதற்குள் என் தலை, வெளியே என் கழுத்து. கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தபடி ஜெசிந்தா டாக்டர். மைக் இல்லாத மேடை. நம்மிடம் சரக்கா இல்லை? மாமனாரின் ஸ்கூட்டர் கதை, மேனேஜரின் விக் கதை, வசுமதி சிங்கப்பூர்த் தைலம் என்று நினைத்துப் பூச்சி மருந்தைத் தேய்த்துக்கொண்ட கதை. ஜெசிந்தா டாக்டர் சிரித்தார். கிளிப் போட்டபிறகு எல்லோரும் வேலையில் ஆழ்ந்துவிட்டார்கள். சர்ஜன் யாரிடமோ நூலின் நம்பரைக் கேட்டார். ஜெசிந்தா டாக்டர் ரத்த அழுத்த மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடையில் கொஞ்ச நேரம் வாத்து சத்தம் போடவில்லை. கை அசந்துவிட்டது. வேறொன்றுமில்லை. உடனே டியூபைப் போட்டுவிட்டார்கள். பிறகு கையும் வந்தது, பேச்சும் வந்தது.

அப்படியொரு நிலையில் யாருக்கும் கண் அயரத்தான் செய்யும். இப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது.

வலது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கின்றன. காபி தம்ளரை வசுமதி பிடித்துக்கொள்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

தலையை ஸ்கேன் எடுத்ததில் இடது மூளையில் கடுகளவு ஒரு புள்ளி. விரல்கள் முக்கால்வாசி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

மத்தியானம் ஜெசிந்தா டாக்டர் வந்து கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு கையை விடாமலே பேசினார்.

"என் தப்பு சார். வாத்து நின்ன அஞ்சாவது செகண்டே எனக்குத் தெரிஞ்சுது. நீங்க விளையாடுறீங்கன்னு நினைச்சேன். அவ்வளவு நேரம் சிரிக்க வச்சுக்கிட்டிருந்தீங்கல்ல. இருபது செகண்ட் வெயிட் பண்ணிட்டேன். பேஷன்ட் விளையாடுறார்னு நான் நினைச்சிருக்கவே கூடாது."

அந்த இருபது விநாடியில்தான் மூளை பட்டினி கிடந்து புள்ளி விழுந்தது என்று சர்ஜனும் எழுதிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு ஜெசிந்தா டாக்டர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வசுமதி என் கால்மாட்டில் நின்றிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் பிச்சைக்கண்ணு ஆவி பிடிக்கும் குழாயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை டாக்டர்" என்றேன் நான். பெருந்தன்மையாக. இந்த வார்த்தையை எழுதும்போது சுண்டுவிரல் கூட ஒதுங்கிக்கொள்கிறது.

ஜூலை 12, சனி

இன்று யாரிடமும் பேசவில்லை. காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸ் பயந்துபோய் டியூட்டி டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தார். பிச்சைக்கண்ணுவுக்குத் திட்டம் மாறிவிட்டது. முழு மயக்கம் கொடுத்து, எடுத்த எடுப்பிலேயே டியூப் போட்டுவிடப் போகிறார்கள். நெஞ்சு தாங்குமா என்று கருப்பாயி கேட்டார். ஆபத்து இருக்கத்தான் செய்கிறது, ஆனால் முழித்திருக்கும் முறையை நம்பி இனி இறங்கமாட்டேன், போன கேஸில் தாமதமாகிப் பாதிப்பு வந்துவிட்டது என்றார் சர்ஜன். போன கேஸ் ஒன்றரை அடி தள்ளிப் படுத்துக்கொண்டு கூரை மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று.

அவர் போனபின் கருப்பாயி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிச்சைக்கண்ணுதான் பேச்சை மாற்றினார். எனக்கும் அது தேவையாக இருந்தது. சந்தையில் துண்டைப் போட்டு விலை பேசுவார்களே, அது எப்படி என்று கேட்டேன். எழுந்து வந்து தன் துண்டை எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டார். உள்ளே என் விரல்களைப் பிடித்தார்.

"ஒரு வெரல அமுக்குனா ஒண்ணு. முழுக் கையா புடிச்சா அஞ்சு. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது சார். மூஞ்சிய மாட்டுக்காரன் பக்கம் திருப்பிக்கிட்டு மழையப் பத்திப் பேசிக்கிட்டிருப்போம்."

பொய்யாக அமுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"வாயால ஆயிரம் பொய் சொல்லுவோம். பல்லு விழுந்த மாட்டக் கன்னுக்குட்டிம்போம். அது தொழிலு. துண்டுக்குள்ள அமுக்குனது அமுக்குனதுதான். அதுல மாத்துனவனுக்கு அப்பறம் சந்தையில ஒருத்தன் கை குடுக்க மாட்டான்."

சொல்லிவிட்டு என் சுண்டுவிரலை அமுக்கினார். எனக்குத் தெரியவில்லை. "இது இன்னும் வரலையா சார்" என்று பதமாகத் தடவிக் கொடுத்தார்.

ஜூலை 14, திங்கள்

பத்தாம் தேதி எழுதியது பொய். டைரியிலேயே பொய் சொல்கிற ஒருவனை வேறெங்கும் பார்க்க முடியாது. கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

கை அசரவில்லை. நான் வேண்டுமென்றே நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, வாத்தை அமுக்காமல், பேசாமல் கிடந்து பத்து வரை எண்ணிவிட்டு, கண்ணைத் திறந்து "பயந்துட்டீங்களா?" என்று கேட்பதாகத் திட்டம். ஒரு விளையாட்டு. பத்து எண்ணியும் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதனால் இருபது வரை நீட்டினேன்.

இருபதில் ஜெசிந்தா டாக்டர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதாவது அமுக்கியிருக்கலாம். அதற்குள் சர்ஜன் "டியூப்" என்றார். அவர் குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். மேடையை நோக்கி ஓடி வந்தபோது வசுமதியின் முகத்தில் இருந்தது அதுதான். ஏதோ கீழே விழுந்தது, யாரோ ஓடினார்கள். இந்த நிமிடம் வாத்தைக் கத்தவிட்டால் நான் நடித்தது தெரிந்துவிடுமே என்று பயந்தேன். டியூப் உள்ளே போய்ச் சேரும்வரை, இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ, மூளை தெளிவாக இருந்த ஒரு மனிதன் மூளை போனவனைப்போல வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். பிறகு அமுக்கினேன். கீச். "வந்துட்டார்" என்று ஜெசிந்தா டாக்டர் என் நெற்றியில் கை வைத்தார். "தேங்க் யூ சார்" என்றார்.

இருபது விநாடி குறும்பு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

மூளைக்கு ரத்தம் போதாமல் இல்லை. அப்படியானால் புள்ளி விழுந்தது தேவையே இல்லாமல் போட்ட டியூபால்தான் இருக்க வேண்டும். அந்தப் பெண் தாமதித்ததால் அல்ல. இப்போது பிச்சைக்கண்ணுவுக்கும் அதே டியூப், அதோடு அவர் நெஞ்சு தாங்காத மயக்கமும். இன்னும் மூன்று நாள்.

சாயங்காலம் வசுமதியிடம் சொன்னேன். கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"தெரியும்."

"எப்படி?"

"டாக்டரம்மா அழுதப்ப நீங்க ஒரு ஜோக்கும் சொல்லலை. சுவத்தைப் பாத்துக்கிட்டு 'பரவாயில்லை'ன்னீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு நாளா பாத்துக்கிட்டிருக்கேன். நாளைக்கும் சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லியிருப்பேன்."

ஸ்பூனை என் இடது கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இன்று நானே குடித்தேன். பாதி சட்டையில்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் ஜெசிந்தா டாக்டரின் அறைக்கு நடந்தே போனேன். சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் வழக்கமான சிரிப்பு வாயில் வந்து நின்றது, விழுங்கிக்கொண்டேன்.

அவர் கோபப்பட்டிருக்கலாம். கேட்டது வேறு.

"எண்ணினீங்களா?"

"ஆமா டாக்டர்."

"எத்தனை வரைக்கும்?"

"இருபது."

"விடாம?"

"விடாம."

எழுதிக்கொண்டார். "அப்ப மூளை நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார். பேனாவை மூடினார். "நான் ஏழு நாளா தூங்கலை சார்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் திரும்பி வந்து வசுமதியிடம் சொல்லிக் காட்டியாவது ஆறியிருப்பேன்.

இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், சர்ஜனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் எடுபடாது என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முதல் வரியிலேயே நகைச்சுவை இருந்தது. எனக்கே தெரியாமல் வந்திருக்கிறது. இரண்டாவது தாளில் கடைசி வரியில் வந்துவிட்டது. மூன்றாவது தாளில் ஏழு வரிதான். நாற்பது வருடத்தில் நான் எழுதியவற்றில் சிரிக்க இடமில்லாத ஏழு வரி அதுதான். எட்டாவது வரிக்கு நான் துணியவில்லை.

மத்தியானம் சர்ஜன் கூப்பிட்டு அனுப்பினார். தாளை மேஜைமேல் வைத்து, இது என் கையெழுத்துதானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நொண்டி எழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

ஜூலை 16, புதன்

பிச்சைக்கண்ணுவை விழித்திருக்க வைத்தே செய்யப் போகிறார்கள். ஏன் மறுபடியும் மாற்றினார்கள் என்று கருப்பாயி சிஸ்டரைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன், இருவரிடமும்.

பிச்சைக்கண்ணு முழுவதும் கேட்டார். பிறகு என் வலது கையைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள அழுதுச்சே சார்" என்றார்.

அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 17, வியாழன்

பிச்சைக்கண்ணுவைக் காலை எட்டரைக்குக் கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசல் பெஞ்சில் கருப்பாயி ஒரு முனை, நான் மறுமுனை. எழுந்து போகச் சொல்லவில்லை என்பதையே பெரிதாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், விரலை மடக்க வேண்டும். எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

பத்தரைக்கு ஜெசிந்தா டாக்டர் வெளியே வந்தார். நேராகக் கருப்பாயியிடம் போனார். நல்லபடியாக முடிந்தது, டியூப் தேவைப்படவில்லை என்றார். பொம்மையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம் பிச்சைக்கண்ணு. பச்சைத் துணிக்கடியில் டாக்டரின் விரல்களையே பிடித்துக்கொண்டாராம். முக்கால் மணி நேரமும், கேட்கும்போதெல்லாம், கேட்ட எண்ணிக்கைக்கு அமுக்கினாராம். நடுவில் ஒரு தரம் டாக்டரின் மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்து, இந்த விலைக்கு ஒரு ஜோடிக் காளை வாங்கித் தருகிறேன் என்றாராம்.

கருப்பாயி அழுதுகொண்டே சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் டாக்டரைப் பார்த்தேன். அவர் விரல்களை உதறிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஜூலை 19, சனி

டிஸ்சார்ஜ். அந்த ஏழு வரியைப் பெயரில்லாமல் இனி வரும் நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்கு முன் படித்துக் காட்டலாமா என்று ஜெசிந்தா டாக்டர் கேட்டார். சரி என்றேன். பெயரில்லாமல்தானே என்று இன்னொரு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மறுபரிசோதனைக்குப் போயிருந்தோம். வசுமதி மருந்துக்கடை வரிசையில் நின்றாள். நான் நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் லால்குடிப் பக்கத்து அம்மாள் ஒருவர், மடியில் கூடை. அடுத்த வாரம் அவர் கணவருக்கு ஆபரேஷனாம். உள்ளே எல்லாம் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். தலை சுற்றுகிறது என்று இவர் மட்டும் வெளியே வந்துவிட்டார்.

"கேட்டீங்களா சார், இங்க நடந்த கூத்தை?" என்று என் பக்கம் சாய்ந்தார். இந்தச் சாய்வு எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஊரெல்லாம் சாய்ந்தவன். "ஆபரேசனுக்கு வந்த எடத்துல ஒருத்தன் செத்த மாதிரி நடிச்சானாம். நல்ல குடியாம். பாவம், அந்த டாக்டர்ப் பொண்ணுக்கு வேலையே போகப் பாத்துச்சாம். சாமி சும்மா விடுமா? அவனுக்கு ஒரு கையே வெளங்காமப் போயிருச்சாம்."

ஏழு வரியில் குடி இல்லை, சாமி இல்லை. ஒரே கதவைத் தாண்டுவதற்குள் இவ்வளவு சேர்ந்திருக்கிறது. வேறொருவன் கதையாக இருந்தால் என் பங்குக்கு நானும் இரண்டு சேர்த்து, வீடு போவதற்குள் நாலு பேரிடம் இறக்கியிருப்பேன்.

"குடிக்கலைங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கையும் போகலை. ரெண்டு வெரல்தான்."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த தழும்பைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த என் வலது கையைப் பார்த்தார். கூடையைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"நான்தாங்க அது."

எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார். திட்டுகிற குரலில் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இதை அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டிருக்கவில்லை. ஜெசிந்தா டாக்டர் எத்தனை வரை எண்ணினேன் என்று கேட்டார். சர்ஜன் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். வசுமதி எதையுமே கேட்கவில்லை. இந்த டைரியிலும் கை அசந்தது, கண் அயர்ந்தது, விளையாட்டு என்று மூன்று காரணம் எழுதியிருக்கிறேன். நாலாவதாக ஒன்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"நான் பேசப் பேச அஞ்சு நிமிஷமா யாரும் என்னைக் கவனிக்கலைங்க" என்றேன்.

"அதுக்கா?"

அதற்குத்தான்.